பதினோரு வாரத்துக்கான ஆள்

தாராவாவில் என்னையும் என் பையையும்
ஒரே தராசில் ஏற்றி நிறுத்தார்கள்.
எண்பத்தொன்பது கிலோ.
எது நான், எது பை என்று
சீட்டில் எழுத இடமில்லை.

ஓடுபாதையிலிருந்து பன்றிகளை விரட்டிக்கொண்டிருந்தவன்
குச்சியைப் போட்டுவிட்டுக் கை நீட்டினான்:
பரானிகோ. வானிலை நிலையத்தின் பாதி.
"பல்ப் வாங்கி வந்தாயிற்றா?
தெரேசியா சொல்லியனுப்பினாளே."
யாரும் எதுவும் சொல்லியனுப்பவில்லை.
மீதிப் பாதி இனி நான்,
பதினோரு வாரத்துக்கு.

தெரேசியா பேறுகாலத்துக்குத் தலைநகர் போயிருக்கிறாள்.
அவள் வீடு, அவள் சைக்கிள், அவள் கொசுவலை,
முதுகில் பெயர் எழுதிய அவள் மழைக்கோட்டு
எல்லாம் ஒப்பந்தத்தின் இணைப்பு இரண்டில் இருந்தன.
நாய் இல்லை.
நாய் தானாக வந்து படுத்துக்கொண்டது.

மூன்று மணிக்கொரு தரம் அண்ணாந்து பார்க்க வேண்டும்.
வானத்தை எட்டாக வகுத்து
எத்தனை பங்கு மேகம் என்று எழுத வேண்டும்.
பிறகு மழைமானி. பிறகு வானொலி.
இதற்கா கடல் தாண்டி ஓர் ஆள் என்று
முதல் வாரம் எனக்கே கூச்சமாக இருந்தது.
தென்னை உச்சியில் கள் இறக்குகிறவன்
பாட்டை நிறுத்தாமலே குனிந்து என்னைப் பார்ப்பான்.
அவனுக்குக் கைக்கெட்டும் வானம்
எனக்கு எட்டில் மூன்று.

மழைமானிக்கு மேலே சீமைப்பலாக் கிளை ஒன்று.
விதிப்படி கூடாது.
அறிக்கையில் எழுதினேன்: கிளையை அகற்றவும்.
பரானிகோ அரிவாளை எடுத்து ஒளித்து வைத்தான்.
மரம் அரசாங்கத்துடையது,
அந்தக் கிளையில் காய்ப்பது மட்டும்
தெரேசியாவின் மாமியார் தபேராவுக்கு.
நிழல் யாருக்கு என்று கேட்டேன்.
நாய்க்கு என்றான், சிரிக்காமல்.

மனேயாபாவில், ஊர் கூடும் அந்தப் பெருங்கூரைக்கடியில்,
ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தூணடி.
நான் விளிம்பிலேயே நின்றேன்.
தபேரா தன் பக்கத்துப் பாயைத் தட்டினாள்,
தாமதமாக வந்த மருமகளைக் கூப்பிடுவது போல,
கொஞ்சம் எரிச்சலோடு.
இது இணைப்பு இரண்டில் இல்லை.

ஐந்தாம் வாரத்தோடு மழை நின்றது.
சுழியம், சுழியம், சுழியம் என்றேன் வானொலியில்.
கிணற்றில் உப்பு ஏறிற்று.
தேநீரிலும் கடல்.
பெண்கள் காலி வாளிகளோடு வேலியோரம் வந்து
"இன்று?" என்பார்கள்.
அளப்பதுதான் என் வேலை, பெய்விப்பது அல்ல
என்று சொல்ல,
அவர்கள் மொழியில் எனக்கிருந்த இருபது சொல் போதவில்லை.
தலையை மட்டும் ஆட்டினேன்.
அதற்கும் ஒரு மீனைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் வாரம், இரவு இரண்டு மணி.
தகரத்தில் முதலில் ஒரு கல் விழுந்தது போல.
பிறகு கூரையே இல்லாதது போல.
அவள் மழைக்கோட்டுக்குள் புகுந்து ஓடினேன்.
வேலிக்கு அப்பால் சட்டி, பீப்பாய், துடுப்பில்லாப் படகு,
கிடைத்ததையெல்லாம் ஏந்திக்கொண்டு நின்றது ஊர்.
"தெரேசியா, எவ்வளவு?"
இருட்டில் யாரோ கத்தினார்கள்.
நாற்பத்தொன்று புள்ளி ஆறு என்று
நானும் கத்தினேன்.
பெயரைத் திருத்தத் தோன்றவில்லை.

விடிந்ததும் அறிக்கையை எடுத்து
'அகற்றவும்' என்பதை அடித்தேன்.
'இருக்கிறது' என்று எழுதினேன்.

கடைசி நாள் விமானத்திலிருந்து அவளே இறங்கினாள்.
ஒரு கையில் குழந்தை,
இன்னொரு கையில் பல்ப் பெட்டி.
யாரையும் நம்புகிற ஆள் இல்லை போலிருக்கிறது.
கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.
போட்டுப் பார்க்கக் கை வேண்டுமே,
பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.
நாய் எங்கள் இருவரையும் முகர்ந்து, குழம்பி,
சக்கரத்தடி நிழலில் போய்ப் படுத்தது.
பரானிகோ அதை ஒரு கையால் இழுத்தபடி
மறுகையால் பன்றிகளை விரட்டினான்.
பேச இரண்டு நிமிடம் கிடைத்தது:
கிணறு, பூட்டு, சைக்கிளின் பின்சக்கரம்.

"கிளை?" என்றாள்.
"இருக்கிறது."

ஜன்னலுக்கு வெளியே மேகம்.
எட்டில் ஐந்து.
சொல்ல வானொலி இல்லை.